பூனைக்கு நகம் வெட்ட ஒரு நல்ல நாள்

எனக்குப் பூனை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரும் சங்கதிகளைப் படித்துவிட்டு, பாவம் நல்ல மனசு என்று யாராவது தங்கள் வீட்டுக் குட்டிகளைக் கொண்டுவந்து என் தலையில் கட்டிவிடக்கூடாது. நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள். உட்கார் என்றால் உட்காருகிற உயிர்களோடுதான் எனக்கு ஒத்துப்போகும். பத்தாம் வகுப்பும் அப்படி உட்காருவதில்லைதான். ஆனால் அவர்களுக்கு நகம் வெட்டிவிடும் பொறுப்பை இதுவரை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

பூனை என் கணவருடையது. அவர் தாலுகா ஆபீசில் ரெக்கார்டு பிரிவில் இருக்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் திருநகரில் எங்கள் வீட்டு வாசலில் அவர் ஸ்கூட்டரை நிறுத்தியபோது வண்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். சீட்டைத் தூக்கினால் மழைக்கோட்டின் மேல் உள்ளங்கை அளவில் ஒரு சாம்பல் நிறக் குட்டி. பழைய ஃபைல்களுக்கு நடுவே பிறந்ததாம், தானாகவே வண்டியில் ஏறிவிட்டதாம். தானாகச் சீட்டைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, மறுபடியும் தானாக மூடிக்கொண்டதா என்று கேட்டேன்.

அதற்குப் பேர் வைக்கவில்லை. முப்பது வருடம் ஆபீசில் எல்லோரையும் சார் போட்டுப் பழகியவர், பூனையையும் 'சார்' என்றே கூப்பிட்டார். சார் சாப்பிட்டாரா, சார் எங்கே ஆளைக் காணோம் என்று விசாரணை நடக்கும். வாழ்க்கையில் அவர் என்னை ஒருநாளும் இந்த மரியாதையோடு விசாரித்ததில்லை.

சாருக்கு எல்லாமே பயம். குக்கர் விசில் அடித்தால் பீரோவுக்குப் பின்னால் போய்விடும். மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கு அடியில். பிளாஸ்டிக் பையை மடித்தால்கூட முதுகு முடியெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். ஒருமுறை அதுவே தும்மிவிட்டு, அந்தத் தும்மலுக்குப் பயந்து ஓடியது. எலி பிடிக்கும் என்று எதிர்பார்த்த என் மாமியார், ஒருநாள் எலி வந்தபோது இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடியதைப் பார்த்து அந்த எண்ணத்தை விட்டுவிட்டார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். போன மழைக்காலத்தில் என் கணவருக்கு இதய வால்வு கெட்டுப்போய் ஆபரேஷன் செய்யவேண்டி வந்தது. கெட்டதை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த முதல் நாளே அவருக்கு ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக் என்று, தலையணைக்கு அடியில் கைக்கடிகாரம் வைத்த மாதிரி, அவர் நெஞ்சுக்குள்ளேயே. அறை அமைதியாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் எனக்கும் கேட்டது. வால்வு திறந்து மூடும் சத்தம்தான், கேட்டால் நல்லது, வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கென்ன, அவர் நெஞ்சிலா கேட்கிறது. இவர் படுத்தபடியே அதை எண்ண ஆரம்பித்துவிடுவார். எண்ணுகிறவருக்கு எப்படித் தூக்கம் வரும்? ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் பார்த்தோம், குளிர்ந்துதான் போனார். பாட்டுப் போட்டால் பாட்டைக் கேட்டுக்கொண்டு முழித்திருந்தார்.

தூங்க வைத்தது பூனைதான். மத்தியானத்தில் அவர் அக்குள் ஓரம் சுருண்டு படுத்து, தொண்டைக்குள் மோட்டார் ஓடுவது போலக் கர்ர்ர் என்று ஆரம்பித்தால் டிக் டிக் அதற்குள் அமுங்கிவிடும். ஐந்தாவது நிமிடம் இவரிடமிருந்து குறட்டை வரும். நான் அறை வாசலில் நின்று அந்த இரண்டு சத்தத்தையும் கேட்டிருக்கிறேன். எனக்குப் பூனை பிடிக்காது என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வராது.

பிரச்சினை என்னவென்றால், சாருக்கு சுகம் மிகுந்துவிட்டால் முன்னங்கால்களால் மாவு பிசைவது போல அவர் கையைப் பிசையும். பிசையும்போது நகம் வெளியே வரும். உலோக வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை உண்டு. ஒருநாள் முழங்கையில் ஒரு சின்னக் கீறல், ஊசி கீறியது போல. ரத்தம் காலையில் ஆரம்பித்து இரண்டு துண்டை நனைத்து, நான் பள்ளிக்கு லீவு சொல்லி, கட்டுப்போட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் நின்றது. செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குப் போனபோது டாக்டர் கட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார். ரத்தம் போவது மட்டும் இல்லை, பூனைக் கீறலில் கிருமி போய் வால்வில் உட்கார்ந்தால் பெரிய வம்பு என்றார். நகத்தை ஒட்ட வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் பூனையை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

அத்தை, அதாவது என் மாமியார், அன்றைக்கே தன் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார். அவர் என் கணவருக்குத் தாய்மாமன், எனக்குச் சித்தப்பா முறை. நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் தோட்டமும் மாடும் வைத்திருக்கிறார். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஞாயிறுக்கு ஞாயிறு குட்டியானை வண்டியில் மதுரைக்கு வருவார். வருகிற ஞாயிறு முடியாது, அதற்கடுத்த ஞாயிறு வந்து பூனையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தோட்டத்தில் நாலு நாய் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார், ஏதோ வசதி இருக்கிறது என்பது போல.

அன்று இரவு என் கணவர் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து என்னிடம் மட்டும் சொன்னார். "அது போயிருச்சுன்னா இந்தச் சத்தத்த நான் ஒத்தையாக் கேட்டுக்கிட்டுக் கெடக்கணும்மா."

கல்யாணமான இருபத்துமூன்று வருடத்தில் அவர் எதையும் வேண்டும் என்று கேட்டவர் இல்லை. அத்தையிடம் போய், நானே நகம் வெட்டுகிறேன், பூனை இருக்கட்டும் என்றேன். சித்தப்பா வருவதற்குள் முன்னங்கால் நகம் பத்தையும் வெட்டிவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் அத்தை. பன்னிரண்டு நாளில் பத்து நகம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் புதன்கிழமை. செல்போனில் வீடியோ பார்த்தேன். ஒரு பெண் பூனையைத் துண்டில் பொதிந்து, பாதத்தை மெல்ல அழுத்தி, வெளியே வரும் நகத்தின் வெள்ளை நுனியை மட்டும் வெட்டினாள். உள்ளே ரோஸ் நிறத்தில் தெரியும் ரத்த நரம்பைத் தொடக்கூடாது. பூனை பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மொத்தம் மூன்று நிமிடம். பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகச் சாரைத் துண்டில் சுற்றி, ஹாலில் உட்கார்ந்து நகவெட்டியை எடுத்தேன். அப்போதுதான் அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்குள் நகம் வெட்டக்கூடாது.

இது மனிதர்களுக்குத்தானே என்றேன். வீட்டுச் சோறு தின்கிறது, வீட்டுக்குள் படுக்கிறது, அப்புறம் வீட்டு முறை மட்டும் அதற்குக் கிடையாதா என்று கேட்டார். நகம் வெட்டுவது பற்றி எங்கள் வீட்டில் உள்ள சட்டங்களை அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். செவ்வாயும் வெள்ளியும் கூடாது, அது எல்லோருக்கும் தெரிந்தது. சனிக்கிழமை கூடாது. அவரவர் பிறந்த கிழமையில் கூடாது. பூனை பிறந்த கிழமை யாருக்குத் தெரியும் என்றதற்கு, வீட்டுக்கு வந்த கிழமையை வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். ஆக, திங்களும் போனது. விளக்கு வைத்த பிறகு எந்த நாளும் கூடாது. நான் பள்ளி விட்டு வீட்டுக்கு வருவது ஐந்தேகாலுக்கு, விளக்கு வைப்பது ஆறு மணிக்கு. எனக்கு மிஞ்சியது புதனிலும் வியாழனிலும் முக்கால் மணி நேரம், பிறகு ஞாயிறு.

சரி என்று துண்டும் பூனையுமாகப் பின்வாசலைத் திறந்துகொண்டு துணி துவைக்கும் கல்லுக்குப் போனேன். உலகத்தில் யாராவது, பயந்து நடுங்கும் பூனையைப் பிடித்துவைத்து வேலை செய்ய, நாலு சுவரும் கதவும் உள்ள வீட்டை விட்டுவிட்டு வெட்டவெளிக்குப் போவார்களா? நான் போனேன். பி.எட். படித்தவள். கல்லில் உட்கார்ந்து ஒரு பாதத்தை வெளியே எடுத்தேன். நகவெட்டி நகத்தைத் தொடவே இல்லை, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அடுத்த நொடி என் கையில் துண்டு மட்டும் இருந்தது. மதில் மேல் ஒரு கால், முருங்கை மரத்தில் ஒரு கால், பக்கத்து வீட்டு மாடி சன்ஷேடில் போய் நின்றுவிட்டது.

அன்றும் வரவில்லை, வியாழனும் வரவில்லை. என் கணவர் சன்ஷேடைப் பார்த்தபடி, "சார், எறங்கி வாங்க, ஒண்ணும் பண்ண மாட்டாக" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மனுவோடு வருகிறவர்களை அவர் ஆபீசில் அந்த மாதிரிதான் சமாதானப்படுத்துவார் போலிருக்கிறது. இரண்டு ராத்திரியும் இவர் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. வியாழக்கிழமை வகுப்பில் ஒரு பையன் வர்க்கமூலத்தைத் தப்பாகப் போட்டதற்கு நான் போட்ட சத்தத்தில் பாதி அவனுக்குரியது இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு வழி தோன்றியது. நெத்திலிக் கருவாடு வறுத்தால் அந்த வாசனைக்கு அது இறங்கி வந்துவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கருவாடு என்ற வார்த்தையைக்கூட மெதுவாகத்தான் சொல்லவேண்டும். அத்தையிடம் நான் கேட்கவே இல்லை, சும்மா சன்ஷேடைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டேன். அவர் கொஞ்ச நேரம் மகனைப் பார்த்தார், கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பிறகு, அடுப்பு வாசற்படிக்கு வெளியே இருந்தால் அது வீட்டுச் சமையல் கணக்கில் வராது என்றார். பரணிலிருந்து பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கித் துவைக்கிற கல் பக்கம் வைத்துக் கருவாட்டை வறுத்தேன். தெருவில் இருந்த பூனைகள் எல்லாம் வந்தன. ஐந்தாவதாக எங்களுடையது வந்தது. அது மற்ற நாலையும் பார்த்துப் பயந்து நேராக வீட்டுக்குள் ஓடிவிட்டது. கருவாட்டைத் தொடவில்லை.

சனிக்கிழமை கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை கூடாதே என்றால், டாக்டர் வெட்டினால் அது வைத்தியம், அதற்குக் கிழமை இல்லை என்றார் அத்தை. அவருடைய சட்டப் புத்தகத்தில் எனக்குத் தெரியாத பக்கங்கள் நிறைய இருந்தன. மூடிபோட்ட காய்கறிக் கூடையில் வைத்து ஆட்டோவில் போனேன். வழிநெடுகப் பூனை போட்ட ஓலத்தில் ஆட்டோக்காரர் இரண்டு முறை வண்டியை நிறுத்தி, "பச்சப்புள்ளையா அக்கா கூடைக்குள்ள?" என்று கேட்டார். அங்கே கூடையைத் திறந்ததும் அது மருந்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. நல்ல பொறுமைசாலியான பெண் டாக்டர் ஒருவர் தரையில் படுத்து அதைப் பிடித்தார், நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார், உடனே விட்டுவிட்டார். அதன் இதயம் பறக்கிறது, நகத்துக்காக மயக்க ஊசி போடுவது பாவம் என்றார். அது நம்பித் தூங்குகிற இடத்தில், தூங்குகிற நேரத்தில், ஒரு தடவைக்கு ஒரு நகம் வெட்டுங்கள், முழித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். சொல்லிவிட்டுத் தன் புறங்கையில் இருந்த கீறலுக்கு மருந்து போட்டுக்கொண்டார்.

அது நம்பித் தூங்குகிற இடம் என் கணவரின் அக்குள். அந்த அக்குள் இருப்பது வீட்டுக்குள். வீட்டுக்குள் நகம் வெட்டக்கூடாது. இதைக் கரும்பலகையில் எழுதினால் இந்தக் கணக்குக்குத் தீர்வு இல்லை என்று போட்டு அடிக்கோடு இழுத்திருப்பேன். தீர்வு கண்டுபிடித்தது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலையே போர்டிகோவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார்.

அப்படியாக அன்று மத்தியானம் எங்கள் தெரு ஒரு காட்சியைப் பார்த்தது. முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், கையில் கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு ஒரு மனிதர் வெயிலில் போர்டிகோவில் படுத்திருக்கிறார். வேர்த்து ஊற்றுகிறது. போர்வைக்குள் பூனை இருப்பது வெளியே தெரியாது. அவர் பக்கத்தில் வெள்ளெழுத்துக் கண்ணாடியும் நகவெட்டியுமாக நான் மண்டிபோட்டுக் குனிந்திருக்கிறேன். போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மனிதருக்கு நகம்கூட வெட்டிக்கொள்ள முடியவில்லை, அந்த டீச்சர்தான் உட்கார்ந்து வெட்டிவிடுகிறாள், பாவம் என்ன பொறுமை என்று தெரு முழுவதும் பேச்சாகிவிட்டது. அதுவரை என்னைச் சிடுமூஞ்சி என்று சொல்லிக்கொண்டிருந்த தெரு. நான் மறுக்கவில்லை.

பூனை தூங்கியது, பூனையின் சத்தத்தில் அவரும் தூங்கினார். சாம்பல் நிறப் பாதம் ஒன்று போர்வைக்கு வெளியே கிடந்தது. கட்டைவிரலால் மெத்தென்ற அடிப்பகுதியை அழுத்தினேன். நகம் வெளியே வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது, உள்ளே மெல்லிய ரோஸ் கோடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நுனியை வெட்டினேன். பூனை ஒரு கண்ணைத் திறந்தது. அவரும் ஒரு கண்ணைத் திறந்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்கள். ஒரு நகம். பொதுத்தேர்வில் என் வகுப்பு முழுவதும் பாஸ் ஆனபோதுகூட எனக்கு இம்புட்டுச் சந்தோஷம் வந்ததில்லை.

அடுத்த புதன்கிழமை இரண்டு நகம். நான் பள்ளியிலிருந்து வரும்வரை அவர் எழுந்திருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன். வியாழக்கிழமைதான் எனக்குத் திமிர் வந்துவிட்டது. இன்றைக்கு மூன்று என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தேன். மணி ஐந்தே முக்கால், வெளிச்சம் மங்குகிறது, உள்ளே அத்தை விளக்குக்குத் திரி போடுகிறார். அவசரத்தில் முதல் நகத்திலேயே ஒரு மயிரிழை தள்ளி வெட்டிவிட்டேன். பூனை கத்திய கத்தலில் எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். ஒரே ஒரு சொட்டு ரத்தம். மஞ்சள்தூளை அள்ளி வைத்தேன். அது நின்றுவிட்டது. ஆனால் சார் அந்த மஞ்சள் காலோடு வீடு முழுவதும் ஓடி, சுவரில், பீரோவில், என் விடைத்தாள் கட்டின் மேல் முத்திரை குத்திவிட்டுக் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நல்லவேளை, ஓடும்போது அவரைக் கீறவில்லை. அவர் எழுந்து ஈரத்துணியால் பீரோவைத் துடைத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

வெள்ளியும் சனியும் பூனை அவர் பக்கத்தில் வந்து படுத்தது, ஆனால் என் காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்துவிட்டது. ஆக மொத்தம் நாலு நகம். பத்துக்கு நாலு என்பது எங்கள் பள்ளியில் பாஸ். அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் மிச்சமிருக்கும் ஆறு நகத்தில் எது கீறினாலும் ரத்தம் வரும், அதற்குப் பாஸ் மார்க் தெரியாது. எனக்கே அது தெரியும்போது என்ன வாதாடுவது?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சித்தப்பாவின் குட்டியானை வாசலில் வந்து நின்றது. சுற்றிலும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். என் கணவர் அவரிடம் வாங்க மாமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பூனையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். கதவு லேசாகச் சாத்தியிருந்தது. சித்தப்பாவுக்குக் காப்பி போடும் சாக்கில் நான் சமையலறையில் நின்று அழுதேன். பூனைக்காகத்தான் அழுதேனா என்று கேட்டால் இல்லை. அந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று, அதை என்னால் செய்து கொடுக்க முடியவில்லை.

காப்பியைக் குடித்து முடித்த சித்தப்பா நேரமாகிறது என்றார். அத்தை அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். கதவைத் திறக்காமல் அங்கேயே நின்றார். ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்தபோது பெட்டி காலியாகத்தான் இருந்தது.

"இன்னைக்கு வேணாம் தம்பி," என்றார். "ஞாயித்துக்கெழம வீட்டு உசுர வெளிய அனுப்பக்கூடாது."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். இப்படி ஒரு சட்டத்தை நான் அன்றுதான் கேள்விப்படுகிறேன். அத்தையும் அப்படித்தான் என்று தெரிந்தது.

"இது எந்த ஊர் மொறக்கா?"

"நம்ம மொறதான். ஒனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

அப்படியானால் நாளைக்கு வருவதாகச் சித்தப்பா சொன்னார். திங்கட்கிழமை அது வீட்டுக்கு வந்த கிழமை, அன்றைக்குப் போகக்கூடாது என்றார் அத்தை. செவ்வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புதன்கிழமை மேற்கே அனுப்பக்கூடாது, தோட்டம் மேற்கே இருக்கிறது. வியாழன் தம்பியின் நட்சத்திரத்துக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து யாரும் எதையும் கொடுத்தனுப்ப மாட்டார்கள். சனிக்கிழமை என்று சித்தப்பா வாயைத் திறந்ததும், "சனிக்கெழம வாகனத்துல ஏறக்கூடாது" என்று முடித்துவிட்டார். சனிக்கிழமைதோறும் அத்தை பஸ் ஏறிக் கோயிலுக்குப் போவார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

சித்தப்பா எழுந்து போய், வண்டியிலிருந்து இரண்டு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து அந்த அட்டைப்பெட்டியில் போட்டார். "அப்ப நான் வாரேன்க்கா" என்றார். வண்டி தெருமுனை திரும்பும்வரை அத்தை வாசலில் நின்றார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு கிழமை சொல்லியிருப்பார். அவராகத்தான் சொன்னார், என்னைப் பார்க்காமல், காப்பி டம்ளரைக் கழுவிக்கொண்டே.

"கதவுக்கு வெளிய நின்னாலே கேக்குது ஆத்தா, அவன் நெஞ்சுல அடிக்கிற அந்தச் சத்தம். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே கேட்டுட்டேன். இந்தா, அந்தப் பூன பக்கத்துல படுத்து உறுமுறப்ப மட்டுந்தான் எனக்கு அது கேக்க மாட்டேங்குது."

அந்தச் சத்தத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வயதானவர், பயந்துவிடுவார் என்று மறைத்து வைத்திருந்தோம். இரண்டு மாதமாக அவர் அந்த வாசலைத் தாண்டித்தான் பூஜை அறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நகவெட்டி எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். என்னிடமே திருப்பிக் கொடுத்து, வா என்றார். அறைக்குள் என் கணவர் தூங்கியிருந்தார், பூனையும் தூங்கியிருந்தது. கட்டிலைப் போர்டிகோவுக்குக் கொண்டுபோக வேண்டுமே என்று நான் தயங்கினேன். அத்தை அதற்குள் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடமாக அந்தப் பூனையை அவர் தொட்டதில்லை. இப்போது அதன் முன்னங்காலை எடுத்து, விரலைப் பிதுக்கி, நகத்தை எனக்கு நீட்டினார்.

"இங்கனயே வெட்டு," என்றார்.

வெட்டினேன். பூனை எழவில்லை. போர்வையில் விழுந்த துண்டு நகத்தைப் பொறுக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அத்தை அடுத்த விரலைப் பிதுக்கினார்.